யானை முதுகில் ஒரு தெரு

துடியலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் தும்பி வானொலியின் கோபுரம் தெரியும். கோபுரம் என்றதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் உயரம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துத் தென்னை மரத்தைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்குள்ளே வேப்ப மரங்களுக்கு நடுவில் அது நிற்கிறது.

வானொலி பல்கலைக்கழகத்துடையது. ஆனால் அதில் வருவது முழுக்க எங்கள் ஊர்ப் பேச்சு. எந்தத் தெருவுக்கு இன்றைக்குத் தண்ணீர் வரும், தக்காளிச் செடிக்கு என்ன நோய், கண் பரிசோதனை எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். நடுவில் பாட்டும் போடுவார்கள்.

சாயங்காலம் மாடியில் படுத்துக்கொண்டு நான் அந்தக் கோபுரத்தையே பார்ப்பேன். அதன் உச்சியிலிருந்து குரல்கள் இலவம்பஞ்சு மாதிரி பறந்து போவதாக எனக்குத் தோன்றும். ஒரு குரல் டீக்கடைக்குள் நுழையும். இன்னொன்று மேட்டுப்பாளையம் ரோட்டில் போகும் ஆட்டோவுக்குள் ஏறிக்கொள்ளும். வேறொன்று யார் வீட்டு அடுப்படியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். என் குரலும் ஒரு நாள் அப்படிப் பறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்றால் அப்படி ஓர் ஆசை!

ஆனால் வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது தெரியுமா? ஜெஃபினுக்கு.

ஜெஃபின் எங்கள் பக்கத்து வீட்டுக்காரன். என் வகுப்பும்தான். சனிக்கிழமைதோறும் மாலையில் வானொலியில் ‘குட்டித் தும்பி’ என்று குழந்தைகள் நிகழ்ச்சி வரும். ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளை போய், தன் தெருவைப் பற்றிப் பேச வேண்டும். இந்த முறை எங்கள் பள்ளிக்கூடத்தின் முறை. டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஜெஃபின் பெயர் வந்தது. வகுப்பே ‘ஐயோ’ என்றது.

ஏனென்றால் ஜெஃபின் நாலு பேர் முன்னால் பேசவே மாட்டான். வீட்டில் அவன் வாய் ஓயாது. என்னோடும் வாயடிப்பான். ஆனால் கூட்டம் சேர்ந்தால் போதும், வாய்க்குப் பூட்டுதான். பென்சிலை எடுத்துக்கொண்டு எங்காவது படம் வரையப் போய்விடுவான்.

“டீச்சர்கிட்ட வேண்டாம்னு சொல்லீரலாமா?” என்று நான் கேட்டேன்.

“பேசப் போறேன்னு அம்மாகிட்ட சொல்லீட்டேனே” என்றான் ஜெஃபின், அழுகிற மாதிரி.

அவனுடைய அம்மா லின்சி அத்தை நூல் மில்லில் வேலை பார்க்கிறார்கள். மதியம் போனால் ராத்திரிதான் திரும்பி வருவார்கள். மில் கேன்டீனில் ஒரு ரேடியோ உண்டு. ‘குட்டித் தும்பி’ வருகிற நேரமும் மில்லில் டீ குடிக்கிற நேரமும் ஒன்று. லின்சி அத்தைக்குத் தலைகால் புரியவில்லை.

“ஏனுங்க, சனிக்கெழம எம்பட பையன் ரேடியோவுல பேசறானுங்க! கேட்டுப்போடுங்க!”

மில்லில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்கள். வாட்ச்மேனைக்கூட விடவில்லை.

சனிக்கிழமை எங்கள் அப்பா எங்களை ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். துணைக்கு நான். ஜெஃபின் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

“அக்ஷி” என்றான் காதோரம். “நான் பேசலீன்னா அம்மா மொகம் எப்படிப் போயிரும்? எல்லாரும் அம்மாவயே பாப்பாங்கல்ல?”

“அதெல்லாம் பேசீருவ, போடா” என்று சும்மா சொல்லி வைத்தேன்.

வானொலி நிலையம் எனக்குக் கனவில் வரும் இடம் மாதிரி இருந்தது. சுவர் முழுக்க மெத்து மெத்தென்று பஞ்சு அட்டை. கனமான கதவு ‘உஸ்ஸ்’ என்று மூடியதும் வெளியில் இருந்த காக்கா, பஸ், ஹாரன் எல்லாம் ஒரேயடியாகக் காணாமல் போய்விட்டன. கிணற்றுத் தண்ணீருக்குள் முங்கியது போல இருந்தது. என் மூச்சு எனக்கே கேட்டது.

“வாங்க கண்ணுகளா!” என்று எழுந்து வந்தார் ரங்கநாயகி அக்கா. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே நிகழ்ச்சி நடத்துகிறவர். ரேடியோவில் கேட்கிற அதே குரல்! இவ்வளவு நாளாக அந்தக் குரலுக்கு நான் நீளமான பின்னல் போட்டு வைத்திருந்தேன். அக்காவுக்கோ குட்டை முடி.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கோபாலசாமி அண்ணன் இருந்தார். மிஷின்களையெல்லாம் பார்த்துக்கொள்கிறவர். அவர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“தம்பி, அம்மணி, ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. பேச்ச நிறுத்தீறாதீங்க. ரொம்ப நேரம் சத்தமே இல்லீன்னா இந்தக் கம்ப்யூட்டர் பயந்துக்கும். நிலையம் நின்னுபோச்சுன்னு நெனச்சுட்டு, அதுவா ஒரு பழைய நிகழ்ச்சியப் போட்டுரும்.”

“என்ன நிகழ்ச்சிங்கண்ணா?” என்றேன்.

“தென்னை மரத்துல வெள்ளை ஈ” என்றார் அண்ணன்.

நான் சிரித்தேன். ஜெஃபின் சிரிக்கவில்லை.

ஜெஃபினை மைக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்கும் ஒரு ஹெட்ஃபோன் கொடுத்தார்கள். சுவரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இனிமேல் இந்த அறையில் தும்மினாலும் ஊருக்குக் கேட்கும்.

“வணக்கம் செல்லங்களே! இது உங்க குட்டித் தும்பி. இன்னைக்கு நம்மகூட ஜெஃபின் வந்திருக்காங்க. ஜெஃபின், நல்லா இருக்கீங்களா?”

ஜெஃபின் தலையாட்டினான்.

“அஞ்சாவது படிக்கறீங்களா?”

தலையாட்டினான்.

“உங்க தெருவப் பத்திச் சொல்லலாமா?”

நல்ல பிள்ளையாக, நன்றாகப் பெரிதாகத் தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்தவர்களிடம் தலையாட்டினால் போதும். ரேடியோவில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? அக்கா சிரித்துக்கொண்டே, “சொல்லுங்க கண்ணு, நாங்க காத்துட்டிருக்கோம்” என்று கையை நீட்டினார். ஜெஃபின் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. இன்னும் பெரிதாகத் திறந்தான். அப்போதும் வரவில்லை. அறை அமைதியானது. அக்கா அவனுக்காகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.

ஹெட்ஃபோனில் திடீரென்று ஒரு கனத்த குரல் கேட்டது.

“அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈக்கள் இலையின் அடிப்பக்கத்தில்...”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபாலசாமி அண்ணன் ‘அடடா!’ என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சிவப்பு விளக்கு அணைந்தது.

எனக்கு மில் கேன்டீன் கண்முன் வந்தது. லின்சி அத்தை டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சுற்றிலும் எல்லோரும். ரேடியோவில் வெள்ளை ஈ!

ஜெஃபின் மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டான். அக்கா அவன் முதுகைத் தடவினார். “பரவாயில்ல கண்ணு. ரேடியோவுக்கு வர்ற நெறையப் பேருக்கு மொத நாள் இப்படித்தான் ஆகும்.” அப்புறம் என்னைப் பார்த்தார். “அக்ஷிதா, நீ பேசறியா? ரெண்டு பேரும் ஒரே தெருதான? ஜெஃபின் அந்த சோபாவுல உக்காந்துக்கட்டும்.”

ஒரு நிமிஷம் எனக்கு ஜிவ்வென்று இருந்தது. என் குரல்! கோபுரத்து உச்சியிலிருந்து!

அப்புறம் ஜெஃபினைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, மேஜையில் கிடந்த தாளில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். பயம் வந்தால் அவன் எப்போதும் இப்படித்தான். நான் பேசினால் கேன்டீனில் என் குரல் கேட்கும். லின்சி அத்தைக்கு என் குரல் எதற்கு?

அப்போதுதான் கவனித்தேன். அவன் தாள் மைக்குக்கு அடியிலேயே இருந்தது. ஹெட்ஃபோனில் ஒரு சத்தம் வந்தது. சர்ர்ர்... சர்ர்ர்... காய்ந்த இலைமேல் யாரோ மெதுவாக நடப்பது போல. பென்சில் சத்தம்!

“அக்கா!” என்றேன். “அவன் வரையட்டும். அவன் வரையறத நான் சொல்றேன். கேக்கறவங்களும் வரையட்டும்.”

“ரேடியோவுல படமா?” என்றார் அக்கா.

“பென்சில் சத்தம் கேக்குதுங்கக்கா. சத்தம் இருந்தா வெள்ளை ஈ வராதல்ல?”

அக்கா கண்ணாடியைப் பார்த்தார். கோபாலசாமி அண்ணன் ஹெட்ஃபோனை அழுத்திக் கேட்டுவிட்டு, கட்டை விரலை உயர்த்தினார். அக்கா இன்னொரு மைக்கை இழுத்து ஜெஃபினின் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“ஜெஃபின், நீ பேச வேண்டாம். வரைஞ்சா போதும்” என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம்! நான் அக்ஷிதா. ஜெஃபினோட ஃபிரெண்டு. எல்லாரும் ஒரு பென்சிலும் பேப்பரும் எடுத்துக்குங்க. ஜெஃபின் இப்ப ரேடியோவுல படம் வரையப் போறான்.”

என் குரல் பறக்கிறதா என்று யோசிக்கவே எனக்கு நேரமில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்ர்ர்...

“ஒரு பெரிய வட்டம். தாள் நெறைய வட்டம். நிலான்னு நெனைக்கறேன்.”

ஜெஃபின் இல்லை என்று தலையாட்டினான்.

“நிலா இல்லையாம். பக்கத்துல இன்னொரு கோடு, வளைஞ்சு வருது. ஓ! காது! முறம் மாதிரி காது. அப்போ இது யானை! எங்க ஊருப் பக்கம் மலையிலருந்து வருமே, அந்த யானை.”

பென்சில் ஓடியது. என் பேச்சும் பின்னாலேயே ஓடியது. அடுத்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

“கால் நாலும் தரையில இல்ல. அடியில சுருள் சுருளா என்னமோ இருக்கு. பனி! யானை பனிமேல நடந்து வருது. அதனால சத்தமே கேக்கல. அது மலையிலருந்து எறங்கி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு வருது. பஸ்ஸெல்லாம் நின்னு வழி விடுது. ஒருத்தரும் ஹாரன் அடிக்கல.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோபாலசாமி அண்ணன் ஒரு தாளை எடுத்து வரைய ஆரம்பித்திருந்தார்.

“இப்ப முதுகுமேல என்னமோ வரையறான். பெட்டி... பெட்டிமேல முக்கோணம்... வீடு! இன்னொரு வீடு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. தண்ணிக் கொழாய். கடைசியில சர்ச். அட! இது எங்க தெரு! யானை எங்க தெருவையே முதுகுல தூக்கிட்டு வருது!”

படக்!

பென்சில் முனை ஒடிந்துவிட்டது.

ஜெஃபின் அப்படியே உறைந்து போனான். நானும்தான். அமைதி. எங்கேயோ வெள்ளை ஈ சிறகடிப்பது போல எனக்குத் தோன்றியது. ரங்கநாயகி அக்கா பாய்ந்து ஒரு ஷார்ப்னரை எடுத்து ஜெஃபின் கையில் வைத்தார். அவன் மைக்குப் பக்கத்திலேயே பென்சிலைத் திருக ஆரம்பித்தான்.

கரக்... கரக்... கரக்...

“கேக்குதுங்களா?” என்றேன் அவசரமாக. “யானைக்குப் பசி. ரோட்டோரத்துல நின்னு கரும்பு திங்குது. நீங்களும் கரும்பு வரைஞ்சுக்குங்க.”

ஜெஃபின் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பும் ரேடியோவில் போனது.

அப்போது போன் விளக்கு மின்னியது. அக்கா பொத்தானை அழுத்தினார்.

“வணக்கம், குட்டித் தும்பி. ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணிட்டுப் பேசுங்க.”

“ஏனுங்க, நான் ஆட்டோ ஓட்டற பொங்கியண்ணனுங்க. வண்டிய ஓரங்கட்டிப்போட்டு வரைஞ்சுட்டிருக்கறனுங்க. தும்பிக்கை மேல தூக்கியிருக்குதுங்களா, தொங்குதுங்களா? வெரசாச் சொல்லுங்க, சவாரிக்கு ஆளு நிக்குது.”

“தூக்கியிருக்குங்க மாமா” என்றேன்.

“அட, நான் தொங்க உட்டுப்போட்டனே! ரப்பர் வேற இல்ல!” போன் வைக்கப்பட்டது.

அடுத்து ஆஃப்ரின் என்று ஒரு பாப்பா. யானைக்குப் பச்சைக் கலர் அடித்தால் தப்பா என்று கேட்டாள். ஜெஃபின் தப்பில்லை என்று தலையை ஆட்டினான். நான் அவளுக்குச் சொன்னேன்.

மூன்றாவதாக விளக்கு மின்னியது.

“வணக்கம், ரேடியோவக் கம்மி பண்ணிட்டுப் பேசுங்க.”

“கம்மி பண்ண முடியாதுங்க, இங்க எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க!” பின்னால் ஒரே இரைச்சல். டம்ளர்கள் உரசும் சத்தம். “நான் மில்லு கேன்டீன்லருந்து பேசறனுங்க. லின்சி.”

ஜெஃபினின் கையிலிருந்த பென்சில் நின்றது.

“நாங்க அத்தன பேரும் வரையறோமுங்க. பேப்பர் கெடைக்காதவங்க அட்டப்பொட்டிமேல வரையறாங்க. நானும் யானை வரைஞ்சு, முதுகுமேல வரிசையா ஊடெல்லாம் வரைஞ்சுபோட்டேன். ஆனா எல்லா ஊடும் ஒரே மாதிரி இருக்குது. அதுல எங்க ஊடு எதுங்க?”

நான் படத்தைப் பார்த்தேன். எனக்கும் எல்லா வீடுகளும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. பெட்டி, முக்கோணம். பெட்டி, முக்கோணம். ‘இடதுபக்கம் ரெண்டாவது’ என்று நானாக எதையாவது சொல்லிவிடலாம். லின்சி அத்தைக்குத் தெரியவா போகிறது?

வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அது ஜெஃபினின் வீடு. ஜெஃபினின் அம்மா கேட்கிறார்கள். நான் யார் நடுவில்?

அறை அமைதியானது. கேன்டீன்காரர்களும் பதில் கேட்க இரைச்சலை நிறுத்திவிட்டார்கள். ரங்கநாயகி அக்கா என்னைப் பார்த்துப் பேசு பேசு என்று கையை ஆட்டினார். நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தார்.

“கண்ணு?” என்றார்கள் லின்சி அத்தை. “இருக்கியா கண்ணு?”

“கதவு தொறந்திருக்குது பாருங்கம்மா” என்றான் ஜெஃபின்.

சின்னக் குரல்தான். ஆனால் தெளிவாக இருந்தது. குனிந்து பார்த்தேன். ஆமாம். வரிசையில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது.

“அதுதான் நம்ம ஊடு. மத்தவங்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டாங்க. கதவச் சாத்திட்டாங்க. நீங்க இன்னும் வரலீல்ல? அதனால நான் தொறந்து வெச்சிருக்கேன்.”

ரங்கநாயகி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா? கேக்குதுங்களா?” என்றான் ஜெஃபின்.

“கேக்குது சாமி” என்றார்கள் லின்சி அத்தை. குரல் கரகரத்தது. “தொறந்தே இருக்கட்டும். அம்மா ஷிஃப்ட்டு முடிச்சுப்போட்டு ஓடி வாரேன்.”

யாரோ கை தட்டினார்கள். அப்புறம் கேன்டீனே தட்டியது. ஹெட்ஃபோனில் மழை பெய்வது போல இருந்தது. ஜெஃபின் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினான்.

“அம்மா, கதவப் பெருசா வரைங்க. எல்லாருமே பெருசா வரைங்க. யானையும் உள்ள வரோணும்.”

தன் முதுகின்மேல் இருக்கிற வீட்டுக்குள் யானை எப்படி நுழையும்? நல்ல கேள்விதான். ஆனால் மில்லிலும் ஆட்டோவிலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் யாரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் கதவைப் பெரிதாக வரைந்துகொண்டிருந்தார்கள்.